மடிப்புக் கலையாத சட்டை

அப்பா கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஷூவைத் தேடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அக்கா கைவேலையை விட்டுவிட்டு வந்தாள். பிணவறைக்குப் போகிற யாரும் ஷூ தேடுவதில்லை.

"மார்ச்சுவரிக்கு ரெண்டு மணிக்குத்தானேப்பா வரச் சொன்னாங்க? இப்ப எங்க கிளம்புறீங்க?"

"இன்னிக்கு வியாழக்கிழமை."

"ஆமா."

"அந்த மனநல மையத்துல உன் தம்பியைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்கல்ல? அங்க போயிட்டு அப்படியே மார்ச்சுவரிக்குப் போயிடலாம்."

"அவனே இல்லையேப்பா. இனிமே எதுக்குப் போகணும்?"

"அதைத்தான் கேக்கப் போறேன்."

ஷூ கிடைத்துவிட்டது. அவர் தரையில் உட்கார்ந்து ஒரு பழந்துணியால் அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா என்றால் இறந்துபோனவனுக்கு அக்கா. அவனைவிட ஆறு வயது மூத்தவள். லாண்டரியில் இஸ்திரி போடுகிற வேலை. காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை நின்ற கால் நின்றபடி. அப்பா ஓர் அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. இரண்டு அறை வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து இரண்டு பேர்.

தம்பி ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிறவன். கட்டட வேலை நடக்கிற இடங்களில் அவனுக்குப் பெயரே கண்ணாடிதான். "கண்ணாடி வந்தாச்சா?", "கண்ணாடி சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். கண்ணாடியை அறுக்க வேண்டுமானால் கட்டரை வைத்து ஒரே இழுப்பில் கோடு போட வேண்டும். நடுவில் கை தயங்கினால் விரிசல் தன் இஷ்டத்துக்குப் போய்விடும். ஒரு வருடத்துக்கு முன்னால் தம்பி கட்டரைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, இழுக்காமல் அப்படியே நிற்க ஆரம்பித்தான். மேஸ்திரி முதலில் கேலி செய்தார், பிறகு திட்டினார், பிறகு அறுக்கிற வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு இவனைப் பொருத்துவதற்கு மட்டும் மேலே ஏற்றினார். வீட்டிலும் அதே கதை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ராத்திரி பூராவும் விழித்திருப்பான். "ஏதோ மனசு சரியில்ல, தானா சரியாயிடும்" என்றார் அப்பா. மூன்று மாதம் அது தானாகச் சரியாவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள்.

பிறகு அக்கா தேடக் கிளம்பினாள். தனியார் மனநல டாக்டர் ஒரு தடவை பார்ப்பதற்கு வாங்குகிற பணத்துக்கு அவள் முந்நூறு சட்டை தேய்க்க வேண்டும். வாரம் ஒரு தடவை வந்தால்தான் பலன் தெரியும் என்று வரவேற்பில் இருந்த பெண் தேன் ஒழுகச் சொன்னாள். "இன்சூரன்ஸ் இருக்கா மேடம்?" என்றும் கேட்டாள். இன்சூரன்ஸ் எல்லாம் கம்பெனி ஆட்களுக்கு. தினக்கூலிக்குச் சாரம் ஏறுகிறவனுக்கு மேஸ்திரி சாயங்காலம் சொல்கிற "நாளைக்கும் வா" ஒன்றுதான் பிடிமானம். பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பேருமாக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஐந்து மணி நேரம் நின்றார்கள். டாக்டர் மூன்று நிமிடம் பார்த்தார். ஒரு மாத்திரை எழுதினார். அது இருப்பில் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று மருந்து ஜன்னலில் சொன்னார்கள். உதவி எண் ஒன்றுக்குப் போன் செய்தால் பாட்டு ஓடியது. அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டு இஸ்திரி மேசையில் வைத்துக்கொண்டு பதினெட்டுச் சட்டை தேய்த்து முடித்தாள். பத்தொன்பதாவது சட்டையில் பாட்டு நின்றது, இணைப்பும் போய்விட்டது. "ஏன் ரேடியோவை நிறுத்திட்டே? நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் லாண்டரி முதலாளி.

கடைசியில் துணி வாங்க வந்த ஒருத்தி சொல்லித்தான் இந்த மனநல மையம் தெரிந்தது. காசு கிடையாது. முதலில் ஒரு பெண் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்விகள் கேட்பாள்; அதற்குப் பிறகு டாக்டரைப் பார்க்க ஒவ்வொருவராக அழைப்பார்கள். என்னென்ன கேட்பார்கள் என்று துணி வாங்க வந்தவளிடமே விசாரித்து, அக்கா ஒரு லாண்டரி ரசீதின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.

அந்த நாளுக்கு வீடே தயாரானது. இந்தக் குடும்பத்துக்கு ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் ஒன்றுதான். மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் போய் ஒழுங்காக நிற்க வேண்டும். அப்பா தம்பியை நாற்காலியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே முகம் மழித்துவிட்டார். அக்கா அவனுடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்தாள். கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. பிறகு அப்பா ரசீதைக் கையில் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அதிகாரி ஆனார்.

"ராத்திரி தூக்கம் வருதா?"

"வரலப்பா."

"அப்படிப் பட்டுனு சொல்லாதே. கொஞ்சம் கம்மி, ஆனா பரவாயில்லைன்னு சொல்லு. அங்க போய் அழுது வடிஞ்சா பைத்தியம்னு எழுதிடுவாங்க. அப்புறம் எவன் வேலை குடுப்பான்? சாப்பாடு?"

"நல்லா சாப்பிடுறேன் சார்."

"ம். இது பதில். உயிரோட இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணுதா?"

தம்பி மேசையில் விரலை வைத்தபடி இருந்தான். அப்பா ரசீதிலிருந்து தலையைத் தூக்கி, "அதெல்லாம் இல்லைன்னு நிமிர்ந்து உக்காந்து சொல்லணும்" என்றார். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னான். அப்பாவின் அதிகாரிக் குரலைக் கேட்டு அக்கா இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடி சிரித்தாள். அப்போது சிரித்தோமே என்பதுதான் இரண்டு நாளாக அவளைப் போட்டுக் கொல்கிறது.

மையத்தில் அவன் உள்ளே போய் இருபது நிமிடத்தில் வெளியே வந்தான். "பாஸாயிட்டேன்க்கா. ஒண்ணு விடாம கரெக்டா சொல்லிட்டேன்" என்றான். ரொம்ப நாள் கழித்து அன்றுதான் கேலியாகப் பேசினான். பாதி குணமாகிவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

நான்கு மாதம் ஆகியும் மையத்திலிருந்து கூப்பிடவில்லை. அவளே போன் செய்தாள்.

"அவருக்கு மார்க் ரொம்பக் கம்மிங்க" என்றது ஒரு குரல். "மோசமா இருக்கறவங்களைத்தான் முதல்ல எடுப்போம். இவர் கடைசியில இருக்கார்."

"இவனும் மோசமாத்தாங்க இருக்கான்."

"இங்க அப்படி எழுதலையே. சுத்தமா உடுத்தியிருந்தார், நிதானமா பதில் சொன்னார், தூக்கம் சாப்பாடு பிரச்சினை இல்லைன்னு எழுதியிருக்கு."

அக்கா கெஞ்சினாள். ஜென்மத்தில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. இரண்டு வாரம் கழித்து வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மறுபடி ஒரு தடவை கேள்வி கேட்பதாகச் சொன்னார்கள். வீட்டில், "திரும்ப ஒரு தடவை பேசணுமாம்" என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அப்பாவிடம் எப்படிச் சொல்ல முடியும்? மகனைத் தயார்ப்படுத்துவதாக நினைத்து அவரேதான் அவனை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார் என்றா? தம்பியிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு அறை வீட்டில் தனிமை எங்கே கிடைக்கிறது? வியாழக்கிழமை பஸ்ஸில் போகும்போது, உள்ளதை உள்ளபடி சொல்லுடா என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மேஸ்திரி லாண்டரி வாசலில் வந்து நின்றார். இரண்டாவது மாடி. பலகை மேல் ரொம்ப நேரம் அசையாமல் நின்றானாம். கூப்பிட்டதற்குத் திரும்பவில்லையாம். "கால் தவறிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். கால் தவறியதா என்று அக்கா திருப்பிக் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து இன்று இரண்டு மணிக்கு உடலைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, வேணாம்ப்பா. இன்னிக்கு வேணாம். எல்லாம் முடியட்டும், ஒரு நாள் நானே போய்க் கேட்டுட்டு வரேன்."

"சொன்ன நேரத்துக்கு நாம எங்கயும் போகாம இருந்ததில்ல." ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டினார். "முப்பத்தோரு வருஷம் எத்தனையோ பேர் என்னை என்னென்னமோ சொல்லியிருக்காங்க. ஒருத்தனைக்கூட ஏன்னு கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு தடவை கேட்டுட்டு வரேன். நீ வரலைன்னா இரு."

அவரைத் தனியாக எப்படி விடுவது? அக்கா கூடவே கிளம்பினாள். பஸ்ஸில் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன கேட்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. அவர் கேட்டால் அவர்கள் ஃபைலைப் பிரிப்பார்கள். பிரித்தால், அவர் சொல்லிக்கொடுத்த ஒவ்வொரு பதிலையும் அவருக்கே படித்துக் காட்டுவார்கள். பிள்ளை போன மனுஷர் அதையும் கேட்டுவிட்டு எப்படி எழுந்து நடப்பார்? பஸ் எங்காவது பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது. சனியன் பிடித்த பஸ், பத்து நிமிடம் முன்னதாகவே கொண்டுபோய்ச் சேர்த்தது.

மையம் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கடிகாரம், டோக்கன் கொடுக்க ஒரு ஜன்னல். அப்பா ஜன்னலில் போய்த் தம்பியின் பெயரைச் சொன்னார். உள்ளே இருந்தவர் தாளில் தேடிவிட்டு, "ஆமா, பதினோரு மணி. அவர் வந்திருக்காரா?" என்றார்.

"அவரால வர முடியல" என்றார் அப்பா.

கேள்வி கேட்கிற பெண்ணின் அறை, ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டால் நிறைந்துவிடுகிற அறை. அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாதி கடித்த பிஸ்கட்டை அவசரமாகக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்தாள். அப்பாவை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. அக்கா அவருக்குப் பின்னால் கதவை ஒட்டி நின்றாள்.

"என் பையன் செத்துட்டான்மா" என்றார் அப்பா.

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். "எப்போ?"

"செவ்வாய்க்கிழமை." பஸ் பூராவும் சொல்லிப் பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ, குரல் சன்னமாகத்தான் வந்தது. "நாலு மாசம் காத்துக்கிட்டு இருந்தான். ஏம்மா கூப்பிடல?"

அவள் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தாள். விரல் வரிவரியாக இறங்கிற்று. ஓர் இடத்தில் நின்றது. சொல்வதற்காக வாயைத் திறந்தபடி தலையைத் தூக்கினாள். அப்பாவின் தோளுக்குப் பின்னால் அக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம், வேண்டாம் என்று திரும்பத் திரும்ப ஆட்டினாள்.

அந்தப் பெண் அவளையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஃபைலை மூடினாள்.

"முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்" என்றாள். "கூப்பிடாம விட்டுட்டோம். எங்க தப்புதாங்க ஐயா."

அப்பா சண்டைக்குத் தயாராக வந்தவர். அவர்கள் மறுப்பார்கள், இவர் கேட்பார், குரலை உயர்த்துவார், நாலு பேர் கூடுவார்கள் என்று நினைத்து வந்தவர். மேசைக்குப் பின்னால் இருக்கிற ஒருவர் எழுந்து நின்று தப்பு என்று சொல்லி அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"பரவாயில்லைம்மா" என்றார்.

அந்தப் பெண் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்லை. உங்களுக்கும் எவ்வளவோ வேலை இருக்கும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, பழக்கதோஷத்தில் லேசாகக் குனிந்து வணக்கமும் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

ஹாலுக்கு வந்ததும் அவர் வாசல் பக்கம் போகவில்லை. "ஒரு நிமிஷம் உக்காந்துட்டுப் போலாம்" என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு வந்தது. தம்பி பிணவறையில் கிடக்கிறான், இவள் தப்பித்தோம் என்று நினைக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

எதிர் நாற்காலிகளில் ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள். அந்த ஆளுக்கு நாற்பது வயது இருக்கும். இளநீலச் சட்டை. அக்காவின் கண் தானாகவே சட்டைக்குத்தான் போயிற்று. இன்று காலை வீட்டில் தேய்த்தது. பழக்கமில்லாத கை, தோளில் இரண்டு மடிப்பு விழுந்திருக்கிறது, ஆனாலும் அழுத்தி, ஆசையாகத் தேய்த்த சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார்கள். அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி அவன் காதோரம் குனிந்து பேசிக்கொண்டிருந்தாள்.

"தூங்குறீங்களான்னு கேட்டா?"

"ம்."

"ம்-ன்னு இழுக்காதீங்க. நல்லா தூங்குறேன்னு தெளிவா சொல்லுங்க."

"நல்லா தூங்குறேன்."

"பயமா இருக்குதுன்னு எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க, என்ன?"

அதே கேள்விகள்தான் என்று அக்காவுக்குப் புரிந்தது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தாலும் அவர் தூங்கவில்லை. வயதானதில் அவருக்குக் கண்தான் மங்கியிருக்கிறது. காது பாம்புக் காது.

"அப்பா, வாசல்ல தண்ணி இருக்கு. முகத்தைக் கழுவிட்டு வாங்களேன்."

"வேணாம்மா."

"பஸ் வருதான்னாவது போய்ப் பாருங்க. நான் பின்னாலயே வரேன்."

"சேர்ந்தே போலாம்."

ஜன்னலில் நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டார்கள். ஒரு பெண் எழுந்து போனாள். எதிரே இருந்தவளின் விரல்களுக்கு நடுவில் டோக்கன் தெரிந்தது: நாற்பத்து மூன்று. அவள் கணவனின் காலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு மறுபடியும் ஆரம்பித்தாள். "சாப்பாடு?"

அப்பா இருக்கும்போது சொல்ல முடியாது. அப்பாவை நகர்த்தவும் முடியாது. சொல்லாமல் எழுந்து போய்விடலாம். இவர்கள் யாரோ, எந்த வீடோ. போய்விட்டால் நாளைக்கு இவர்களை எங்கே தேடுவது? இரண்டு வாரம் கையில் இருந்தும் தம்பியிடம் சொல்லாமல் விட்டவள் அவள். இப்போது இருப்பது ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ.

அவள் முன்னால் குனிந்தாள்.

"அம்மா, அப்படிச் சொல்லச் சொல்லாதீங்க."

"என்னது?"

"நல்லா இருக்கேன், நல்லா தூங்குறேன்னு சொன்னா உங்களைக் கடைசியில போட்டுடுவாங்க. மோசமா இருக்கறவங்களைத்தான் முதல்ல கூப்பிடுவாங்க. எப்படி இருக்கோ அப்படியே சொல்லட்டும். சட்டையைக்கூட…" அந்த இளநீலச் சட்டையைக் காட்டினாள். "என் தம்பிக்கு நாங்க எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துத்தான் அனுப்பினோம்."

அந்த மனைவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு? இங்க வேலை பாக்குறீங்களா?"

"இல்ல. நான் இஸ்திரி போடறவ."

அந்த மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. கணவனைப் பார்த்தாள். அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் தொடைக்கு அடியிலிருந்து வலது கையை மெல்ல உருவி எடுத்து, முழங்காலின் மேல் வைத்தான். கை வெடவெடவென்று நடுங்கிற்று. மனைவி சட்டென்று அதைப் பிடித்து மூடப் போனாள். பாதியில் நிறுத்திக்கொண்டு, தன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவும் கேட்டிருப்பார் என்று அக்காவுக்குத் தெரியும். திரும்புவதற்குப் பயமாக இருந்தது. திரும்பினாள். அப்பா கண்ணைத் திறந்திருந்தார். அவளைப் பார்க்கவில்லை. எதிரே, இளநீலச் சட்டையின் கை மடிப்புக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் நாற்பத்து மூன்று என்று கூப்பிட்டார்கள். பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டார்கள்.